ஒரு பிடி இலையும் ஒரு பை மண்ணும்: மாதிரி எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை வேலை, மண் ஆய்வு வேலை என்று பல வருடம் ஓடிவிட்டது. டீக்கடையில், பஸ்ஸில், இலை எடை போடும் இடத்தில் என்னை நிறுத்திக் கேட்ட கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ரிப்போர்ட் தப்பாகத் தெரிந்தால் எல்லோரும் முதலில் மெஷினைத்தான் சந்தேகப்படுகிறார்கள். என் அனுபவத்தில் தப்பு பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே, தோட்டத்திலோ சாக்கு மூட்டையிலோ நடந்து முடிந்திருக்கும்.

ஒரு கைப்பிடி மண் எடுப்பதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் மேல் ஒன்பது அங்குல மண் மட்டும் ஏறக்குறைய 1,000 டன் இருக்கும். கார அமிலத்தன்மை (pH) பார்க்க ஆய்வுக்கூடத்தில் எடுப்பது 20 கிராம். அதாவது ஐந்து கோடியில் ஒரு பங்கு, மிச்சம் அத்தனைக்கும் சேர்த்து சாட்சி சொல்லப் போகிறது. அந்தச் சாட்சி பொய் சொன்னால் எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. கருவி தன் முன்னால் வைத்த 20 கிராமைப் பற்றி மிகச் சரியாகத்தான் சொல்லும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சும்மாவா சொன்னார்கள்?

சும்மா சொல்லவில்லை. ஆனால் அம்மா பதம் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மேலே மிதக்கும் பருக்கையைத் தொடமாட்டார். கரண்டியை அடிவரை விட்டு ஒரு கிளறு கிளறி, நடுவிலிருந்து அள்ளி, அதில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்குவார். கொதிக்கும் தண்ணீர் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்திருக்கும், கரண்டி மீதியைச் செய்யும். அதற்கப்புறம்தான் ஒரு சோறு போதும். தேயிலைச் சரிவை யாரும் கிளறி வைக்கவில்லை. லாரியில் வந்த இலை மூட்டையையும்தான்.

சரி, தேயிலைத் தோட்டத்தில் மண் எப்படி எடுப்பது?

முதலில் தோட்டத்தைப் பிரியுங்கள். நம் மலையில் மேல் சரிவு, நடுச் சரிவு, பள்ளம் மூன்றும் மூன்று நிலம் என்றே வைத்துக்கொள்ளலாம். மழையில் மேல்மண் கரைந்து கீழே இறங்கிவிடுகிறது. மேட்டில் கல்லும் செம்மண்ணும், பள்ளத்தில் கறுப்பு மண்ணும் இருந்தால் இரண்டையும் ஒரே பையில் போட்டு அனுப்புவதில் அர்த்தமே இல்லை. வருகிற எண் மேட்டுக்கும் பொருந்தாது, பள்ளத்துக்கும் பொருந்தாது.

பிரித்த ஒவ்வொரு பகுதியிலும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் எடுக்க வேண்டும். சருகையும் புல்லையும் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' வடிவத்தில் ஒன்பது அங்குலம் வெட்டுங்கள். வெட்டிய மண்ணை வெளியே தள்ளிவிட்டு, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் ஒரு பட்டை சீவி வாளியில் போடுங்கள். இந்த 'ஒரே கனம்' என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேலே தடிமனாகவும் கீழே மெல்லிசாகவும் சீவினால் மேல்மண் கூடுதலாகச் சேர்ந்து, சத்து இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். நுண்ணூட்டம் பார்க்க வேண்டும் என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாளி போதும்.

உரம் போட்டு இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சில்வர் ஓக் மரத்தடி, எருக்குழி, வரப்பு, உரமூட்டை இறக்கி வைத்த இடம் எதுவும் கூடாது. கவாத்துக்கு முன்னால் எடுப்பது நல்லது, ஏனென்றால் மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் போடுவதும் அந்தச் சமயத்தில்தான்.

இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜூலை மழையில் ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். சரிவு வழுக்குகிறது, காலெல்லாம் அட்டை. பன்னிரண்டு குழி வெட்டினேன், கணக்கு சரி. ஆனால் பன்னிரண்டும் நடைபாதையிலிருந்து பத்தடிக்குள். ரிப்போர்ட்டில் கார அமில எண் 5.8 என்று வந்தது. எண் குறைந்தால் அமிலம் அதிகம் என்று அர்த்தம். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை நல்லது என்பதால், டோலமைட் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து அந்தத் தோட்டத்துப் பெரியவர் என்னைக் கூட்டிப்போய்ப் பாதையைக் காட்டினார். "தம்பி, லைன் வீட்டுக்காரங்க அடுப்புச் சாம்பலை எங்க கொட்டுறாங்கன்னு பாத்தியா?" பாதை ஓரம் முழுக்கச் சாம்பல். சாம்பல் மண்ணின் அமிலத்தைக் குறைத்துவிடும். உள்ளே போய் எடுத்தபோது 4.2 வந்தது. கருவி இரண்டு தடவையும் சரியாகத்தான் சொன்னது. நான்தான் முதல் தடவை தோட்டத்துக்குப் பதிலாகப் பாதையை அளந்திருக்கிறேன்.

வாளியில் கலக்காமல் ஒவ்வொரு குழி மண்ணையும் தனித்தனியாக ஆய்வு செய்து சராசரி போட்டால் என்ன?

பொட்டாசியத்துக்குப் போடலாம். கார அமில எண்ணுக்கு அப்படியே போட முடியாது, அது மடக்கை அளவு. 4-ம் 6-ம் சேர்ந்தால் சராசரி 5 என்று தோன்றும். ஹைட்ரஜன் அயனிக் கணக்குப்படி 4.3 பக்கம்தான் வரும். மண் தன் அமிலத்தன்மையை மாறவிடாமல் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் என்பதால் நிஜத்தில் அந்த எண்ணும் மாறலாம். காசு இருந்தால் தனித்தனியாகப் பாருங்கள், ஆனால் அந்த எண்களைத் தனித்தனியாகவே படியுங்கள்.

தொழிற்சாலையில் என் இலையில் 60 சதவீதம்தான் நல்ல இலை என்று விலையைக் குறைத்துவிட்டார்கள். 65 இருந்தால் முழு விலையாம். இது நியாயமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலை வந்ததும் மூட்டைகளிலிருந்து கொஞ்சம் எடுத்து மேசையில் கொட்டி, மொட்டும் இரண்டு இலையும் உள்ள கொழுந்து ஒரு பக்கம், முற்றிய இலை ஒரு பக்கம் என்று பிரித்துச் சதவீதம் போடுவார்கள். முறை சரிதான். அதில் நல்லதும் முற்றியதும் சேர்த்து மொத்தம் இருநூறு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் உங்கள் இலை 65 சதவீதம் நல்லதாகவே இருந்தாலும், இருநூறை மட்டும் எடுத்துப் பார்க்கும்போது எண்ணிக்கை ஏழு சதவீதம் வரை மேலேயோ கீழேயோ போகும். இருபது தடவையில் ஒரு தடவை அதையும் தாண்டும். ஆக 58 வந்தாலும் 71 வந்தாலும் அது அதே இலைதான். ஒரே ஒரு மாதிரியை வைத்து 60-க்கும் 65-க்கும் இடையில் கோடு போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு எடை போடுவது மாதிரி. இது விவசாயிக்குப் பாதகம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 58 இருக்கும் இலைக்கு 65 என்று முழு விலை கொடுத்துத் தொழிற்சாலை ஏமாறுவதும் இதே அளவுக்கு நடக்கிறது. அந்த விவசாயிகள் என்னிடம் கேள்வி கேட்க வருவதில்லை, அவ்வளவுதான்.

இதுவும் மாதிரியை நேர்மையாக எடுத்தால் வரும் பிழை. மேல் மூட்டையில் மட்டும் கைவிட்டு எடுத்தால் கதையே வேறு. மேல் மூட்டை கடைசியாகப் பறித்தது. காலையில் பறித்த கொழுந்து அடியில் சூடேறிக் கிடக்கும். பல மூட்டையில், ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலக்க வேண்டும். மழை நாளில் இலை மேல் நிற்கும் தண்ணீருக்குக் கழிக்கும்போதும் இதே பாடுதான். ஒழுகும் மூட்டையின் அடிப்பக்கத்தில் எடுத்த இலையை வைத்து மொத்த வண்டிக்கும் கழிவு போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஒரு நாள் எண்ணுக்காகச் சண்டை போடுவதைவிட, பத்து நாள் எண்களின் சராசரிக்கு விலை வையுங்கள் என்று கேட்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

தோட்டம் பெரிதானால் மாதிரியும் அதே விகிதத்தில் அதிகமாக வேண்டுமா?

வேண்டாம். நன்றாகக் கலக்கிய சாம்பாரில் உப்பு பார்க்க, வீட்டுச் சட்டி என்றாலும் கல்யாண அண்டா என்றாலும் ஒரு சொட்டு போதும். மாதிரியின் அளவை முடிவு செய்வது மொத்தம் எவ்வளவு என்பது இல்லை, உள்ளே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பது. ஒரே சீரான பத்து ஏக்கரைவிட மேடு பள்ளமான ஒரு ஏக்கர் அதிக வேலை வாங்கும். இன்னொன்று: பிழையைப் பாதியாக்க மாதிரியை இரண்டு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும். மேலே மேசையில் எண்ணிய இருநூறை எண்ணூறாக்கினால்தான் ஏழு சதவீதம் மூன்றரை ஆகும்.

குறைந்த மாதிரியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கணக்கே ஒரு மது ஆலையில் பிறந்தது. டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் என்பவர், பார்லியில் நாலைந்து சோதனைகளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்ததால் அதை உருவாக்கினார். 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். கல்லூரியில் படித்த 'டி' சோதனை அதுதான்.

அனுபவம் உள்ளவர் கண்ணால் பார்த்துச் 'சராசரியான' இடமாகத் தேர்ந்தெடுத்தால் போதாதா?

கண் ஏமாற்றும், அதுவும் ஒரே பக்கமாக. 1940-களில் இந்தியாவில் பயிர் அறுவடைக் கணக்கெடுப்பில் இது பெரிய வாதமானது. வயலில் ஒரு சிறு பகுதியைக் குறித்து அறுத்து எடை போட்டு மொத்த விளைச்சலைக் கணிப்பார்கள். வங்காளத்தில் சணல் கணக்கெடுப்பு நடத்திய மகலனோபிஸ் சிறிய துண்டுகளே போதும் என்றார். சிறிய துண்டுகளில் விளைச்சல் தொடர்ந்து அதிகமாகக் காட்டுகிறது என்று பி.வி.சுகாத்மே எடுத்துக் காட்டினார். காரணம் எளிது. எல்லைக் கோட்டின் மேல் நிற்கும் செடி உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகம் வந்தால், அறுப்பவர் கை அதை உள்ளே சேர்த்துவிடும். துண்டு சிறிதானால் எல்லையோரச் செடிகளின் பங்கு அதிகம், பிழையும் அதிகம்.

யாரும் திருடவில்லை, பொய் சொல்லவில்லை. கையின் பழக்கம் அப்படி. அதனால்தான் குலுக்கல் போட்டு வரிசை எண், செடி எண் எடுங்கள் என்கிறோம். குலுக்கலில் முட்புதர் வந்தால் முட்புதருக்குள் போகத்தான் வேண்டும்.

குன்னூர் ஏலத்துக்குப் போகும் தூளில் மாதிரி எப்படி?

மூட்டைக்குள் தூள் சும்மா இருப்பதில்லை. மலைப்பாதையில் லாரி குலுங்கக் குலுங்கச் சன்னத்தூள் இடுக்கு வழியாக அடிக்கு இறங்கும், பெரிய துகள் மேலே வரும். மூட்டை வாயைத் திறந்து மேலாக ஒரு பிடி எடுத்தால் கிடைப்பது அந்த மூட்டையின் மேல்தட்டு மட்டும். அரிசி மண்டியில் குத்தூசி விட்டு எடுப்பதுபோல உள்ளே ஆழமாக, சாய்வாகக் குத்தி எடுக்க வேண்டும்.

எடுத்ததைக் குறைப்பது அடுத்த சிக்கல். தூளைக் கூம்பாகக் குவித்துப் பாருங்கள்: பெரிய துகள் உருண்டு ஓரத்துக்குப் போகும், சன்னம் நடுவில் நிற்கும். ஓரத்தில் அள்ளினாலும் தப்பு, நடுவில் அள்ளினாலும் தப்பு. கூம்பைத் தட்டையாக்கி, பெருக்கல் குறி போட்டு நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்க வேண்டும். திரும்பவும் கலக்கி, திரும்பவும் குவித்து, திரும்பவும் பிரிக்க வேண்டும். மண்ணுக்கும் இதே முறைதான், அரைக் கிலோ வரும்வரை.

இதற்கெல்லாம் கணக்கு கொடுத்தவர் பியேர் ஜி (1924–2015) என்ற பிரெஞ்சுக்காரர். சுரங்கத் தாதுவில் தொடங்கியவர். துகளின் விட்டம் பாதியானால், அதே எடை மாதிரியில் பிழை எவ்வளவு சிதறுகிறது என்று காட்டும் விலக்க வர்க்கச் சராசரி எட்டில் ஒன்றாகிவிடும் என்பது அவருடைய சூத்திரத்திலிருந்து வருகிறது. அதனால் முதலில் பொடியாக்கு, பிறகு பிரி. நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம்: கட்டி மண்ணைப் பிரித்துவிட்டுப் பிறகு இடிக்கிறோம்.

கடைசியில் சுவை பார்ப்பவர் மேசைக்கு வருவது 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், ஆறு நிமிடம். ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரம் அப்படித்தான் சொல்கிறது. இதன் தாயான பிரிட்டிஷ் தரத்துக்கு 1999-ல் இக்நோபல் என்ற கிண்டல் பரிசு கொடுத்தார்கள், டீ போட ஆறு பக்கம் எழுதியதற்காக! எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேர் இரண்டு விதமாக டீ போட்டுவிட்டு, தூள் மேல் பழி போடுவதைத் தினம் பார்த்தவன் நான்.

உருளைக்கிழங்கு நிலத்தில் நூற்புழு ஆய்வு செய்தேன். 'காணப்படவில்லை' என்று வந்தது. நிலம் சுத்தமா?

'காணப்படவில்லை' என்றால் அனுப்பிய மண்ணில் காணப்படவில்லை. 1961-ல் ஊட்டிப் பக்கம் ஜோன்ஸ் என்பவர் வேரைத் தாக்கும் இந்த முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார், அதுதான் இந்தியாவில் முதல் தடவை. பிறகு கொடைக்கானல் மலையிலும் தெரிய வந்தது. குண்டூசித் தலை அளவு கூடு, அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டை. கிழங்கு போடாவிட்டாலும் பல வருடம் உயிரோடு கிடக்கும். வயல் முழுக்கச் சீராக இருக்காது, ஆரம்பத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். அதுவும் வண்டி நுழையும் வாசல், விதைக்கிழங்கு கொட்டி வைத்த மூலை மாதிரி இடங்களில்.

ஒரு எளிய கணக்கு: எதேச்சையாக 60 இடத்தில் பார்த்து ஒன்றுமே இல்லை என்றால், மூன்றை அறுபதால் வகுங்கள். நிலத்தில் 5 சதவீதம் வரை பாதிப்பு இருந்தும் தப்பியிருக்கலாம். பத்தே இடம் பார்த்திருந்தால் 30 சதவீதம் வரை!

ஊற்றுத் தண்ணீரை மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுக்கலாமா?

உப்பு, கடினத்தன்மைக்குக் கொடுக்கலாம், அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு. கிருமி பார்க்க ஆய்வுக்கூடம் தரும் சுத்திகரித்த பாட்டில் மட்டுமே, அதை அலசக் கூடாது. குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். கோடையில் ஒரு தடவை, முதல் மழைக்கு அப்புறம் ஒரு தடவை பாருங்கள். இரண்டும் வேறு வேறு ஊற்று போலத் தெரியும்.

ஊட்டி மழைக் கணக்கை வைத்து எங்கள் ஊருக்கு உரம் போடும் நாளை முடிவு செய்யலாமா?

கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது கோத்தகிரியில் வெயில் அடிக்கும். ஐப்பசியில் வடகிழக்கு பிடித்தால் அங்கே நின்றுவிடும், இங்கே மண் சரியும். உங்கள் ஊர் மழைமானியைக் கேளுங்கள், அல்லது வாசலில் நீங்களே ஒன்று வையுங்கள்.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாதா?

பாதி முடியும். மீதி கூட நின்றுதான் வரும். எங்கள் பழைய டீமேக்கர் ஒருவர் வாடல் பார்ப்பதைச் சொல்கிறேன். வாட்டும் தொட்டியில் காற்று அடியிலிருந்து மேலே வரும். அதனால் அடி இலை முதலில் வாடும், மேல் இலை கடைசியில். விசிறி இருக்கும் முனையும் தூர முனையும் கூட ஒன்றாக இருக்காது. புதுப்பையன்கள் நடக்கும் பக்கம் நின்று மேலாக ஒரு பிடி எடுத்து "இன்னும் வாடல அண்ணே" என்பார்கள். அவர் பேசாமல் சட்டைக் கையை மடித்து, தோள் வரை இலைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி இழுப்பார். அப்படி மூன்று இடம். கையில் இறுக்கி உருண்டையாக்கிக் காதருகே பிடிப்பார், காம்பு ஒடியும் சத்தம் வருகிறதா என்று. பிறகு விரலைத் திறப்பார். பட்டென்று விரிந்தால் இன்னும் நேரம் வேண்டும், சோம்பலாக விரிந்தால் சரி. அப்புறம்தான் ஈரமானியைப் பார்ப்பார்.

உருட்டிக் காதில் வைத்துக் கேட்பதைப் பையன்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். மூன்று இடத்தில் அடிவரை கைவிடுவதைக் கற்கத்தான் வருடமாயிற்று, ஏனென்றால் அது வித்தை மாதிரி தெரியவில்லை. தொழிற்சாலைகளும் அப்படித்தான் நடத்துகின்றன. படித்தவரை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, மாதிரி எடுக்க நேற்று சேர்ந்தவனை மழையில் அனுப்புகிறார்கள். ஒரு நாளாவது மாற்றி அனுப்பிப் பார்க்கச் சொல்லி நான் கேட்காத மேனேஜர் இல்லை.

பையின் மேல் பேனாவில் பெயர் எழுதினால் போதுமா?

ஈர மண்ணில் மை கரைந்து, யார் பை என்று தெரியாமல் மூலையில் கிடக்கும் பைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். ஊர், பகுதி, ஆழம், தேதி, கடைசியாக என்ன உரம், எப்போது, யார் எடுத்தது. மண்ணை நிழலில் உலர்த்திப் பையில் போடுங்கள். சீட்டை மண்ணோடு போடாமல் சின்ன பிளாஸ்டிக் உறையில் வைத்து, அந்தப் பையை இன்னொரு பைக்குள் இறக்கி, இரண்டுக்கும் நடுவில் செருகுங்கள். அதே சீட்டின் நகல் ஒன்று உங்கள் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் இருக்கட்டும்.